மறுப்புரைக்கு ஒரு பெயர்

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியது கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு கல்லூரிப் பெண். சிரித்த முகமாகத்தான் சாத்தினாள். "பிள்ளைங்க தயார் பண்ண அரை மணி நேரம் மேடம், அதுவரைக்கும் டீச்சர்ஸ் யாரும் உள்ள போகக் கூடாது, ஜன்னல் பக்கமும் நிக்கக் கூடாது" என்று அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, விவாதப் போட்டியின் விதி அப்படித்தான், போன மாதம் அனுப்பிய தாளிலேயே எட்டாவது விதியாக அது இருந்தது, தெய்வக்கனி அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கூட வைத்திருந்தாள். அடிக்கோடிடுவது வேறு, சாத்திய கதவுக்கு முன்னால் கைப்பையோடு நிற்பது வேறு. உள்ளே தன் பிள்ளைகள் மூன்று பேர். ஜெபஷீலா, நிஷா, இசக்கிப்பிரியா. மூன்றும் ஒன்பதாம் வகுப்பு, காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்ததைத் தவிர மைக் பக்கமே போகாதவர்கள். தூத்துக்குடியில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, வல்லநாடு தாண்டும்போது நிஷா வாந்தி எடுத்து, பாளையங்கோட்டையில் இறங்கியதும் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, முகம் கழுவ வைத்து, மூன்று பேருக்கும் ரிப்பனைச் சரிசெய்து கூட்டிவந்தாயிற்று. இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்து, மணி பார்த்தாள். பத்து பத்து. உட்கார்ந்த பிறகு மறுபடி பார்த்தாள். அதே பத்து பத்து.

சீட்டு எடுத்தது ஜெபா. எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், தேவையில்லைன்னு வந்துட்டு" என்றாள், கதவைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால். தலைப்பு வீட்டுப்பாடம் தேவையா, தேவையில்லையா என்பது. தலைப்பை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவார்கள், எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பது மட்டும் அன்றைக்குக் காலையில் சீட்டில் வரும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தயார் செய்ய வேண்டும், தெய்வக்கனியும் இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தாள், தேவை என்பதற்கு ஒன்பது பக்கம், தேவையில்லை என்பதற்கு மூன்றரை. வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்தோரு வருஷமாக வீட்டுப்பாடம் கொடுத்தே பழகிய கை, வேண்டாம் என்று எழுதச் சொன்னால் எவ்வளவு தூரம்தான் ஓடும். நாலாவது பக்கத்தின் பாதியில் நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு விளையாட நேரம் வேண்டும், அம்மா அப்பாவோடு பேச நேரம் வேண்டும் என்பதையே இரண்டாவது தடவை வேறு வார்த்தையில் எழுதிவிட்டு, சமையலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள். இப்போது அந்த மூன்றரைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் மூன்று பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பாவி, இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் என்ன, குழம்பு கொஞ்சம் பிந்தினால் வீட்டுக்காரர் ராஜபாண்டி பட்டினி கிடந்தா செத்துவிடுவார். நாலு பக்கமாவது இருந்திருக்கும். ஆனால் பக்கம் இல்லை பிரச்சினை, அது அவளுக்கே தெரியும், பக்கத்தைப் பற்றி நினைத்தால் மற்றதைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம், அதுதான் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது மனசு.

மற்றது இசக்கிப்பிரியா. ஒரு அணிக்கு மூன்று பேர், முதலில் பேசுகிறவரும் இரண்டாவது பேசுகிறவரும் தயார் செய்து வந்ததைப் பேசிவிடலாம், மூன்றாவது ஆள்தான் மறுப்புரை, எதிரணி பேசுவதைக் கேட்டு அங்கேயே அப்போதே பதில் சொல்ல வேண்டும், நாலு நிமிஷம், கையில் குறிப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் போய் தெய்வக்கனி எழுதிக் கொடுத்திருக்கிற பெயர் இசக்கிப்பிரியா. வகுப்பில் வருகைப் பதிவுக்கு அவள் சொல்லும் 'உள்ளேன்' இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. தலைமையாசிரியை, எல்லாருக்கும் பெரிய டீச்சர், பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஜெபான்னு ஒரு வாயாடி இருக்கா, அவள விட்டுட்டு இந்த வாய் செத்த பிள்ளையக் கடைசியில நிறுத்துதியே, அங்க போயி அழுதுட்டு நின்னா யாரு பதில் சொல்ல." தெய்வக்கனி அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அழுதுவிட்டால்கூடப் பரவாயில்லை, இரண்டு நாளில் மறந்துபோகும். வாயைத் திறக்காமல் நாலு நிமிஷமும் நின்றுவிட்டு இறங்கி வந்தால் என்ன செய்வது. ஏழாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து ஏதோ பதில் சொல்லி, சொல் வாய்க்குள் புரண்டுபோய், வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை தானாக எழுந்ததே கிடையாது என்று வகுப்பு ஆசிரியை சொன்னாள். முப்பது பேர் சிரித்ததற்கு இரண்டு வருஷம். அந்த மண்டபத்தில் முன்னூறு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வரும்போது தெய்வக்கனி எண்ணவில்லை, வரிசையைப் பார்த்தாலே தெரிந்தது. இங்கேயும் வாய் கட்டிப்போனால் அப்புறம் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் பேசாது, அதைச் செய்தவள் தான் என்றாகிவிடும், நல்லது செய்கிறேன் என்று போய்.

பயிற்சி மூன்று வாரமாக நடந்தது, சாயங்காலம் நாலே காலுக்கு, அறிவியல் ஆய்வகத்தில், அங்கேதான் மின்விசிறி ஓடும். எதிரணி தெய்வக்கனி. வேறு யார் இருக்கிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் நாடே குட்டிச்சுவராகப் போய்விடும் என்று அவள் பேச, ஜெபா துள்ளி எழுந்து கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்வாள், நிஷா எழுதியதைத் தண்ணீர் மாதிரி ஒப்பித்துவிட்டு உட்காருவாள், இசக்கி எழுந்து நிற்பாள். அவள் எழுந்து நின்றது தன் முறைக்காக இல்லை, டீச்சர் நின்றுகொண்டு பேசும்போது தான் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று. ஐந்து நாள் கழித்துத்தான் அது தெய்வக்கனிக்குப் புரிந்தது. "இசக்கி, நான் இப்ப டீச்சர் இல்ல. எதிரணி. நான் சொன்னது தப்புன்னு சொல்லு." "ம்." "சொல்லு." "நீங்க சொன்னது தப்பில்ல டீச்சர்." ஜெபா தலையில் அடித்துக்கொண்டாள். ஆறாம் நாள் "மன்னிக்கணும் டீச்சர்" என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்ததோடு சரி. ஒன்றாம் வகுப்பில் காலடி வைத்த நாளிலிருந்து எதிர்த்துப் பேசாதே, எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். வீட்டிலும் அதுதான், கோயிலிலும் அதுதான், பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராவிட்டாலும் அதுதான், தெய்வக்கனியே வருஷத்துக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள், வாய்க்கு வாய் பேசாதே ஏட்டி என்று. சொல்லிவிட்டு ஒருநாள் சாயங்காலம் நாலே காலுக்கு, மின்விசிறி போட்டு, எங்கே எதிர்த்துப் பேசு பார்ப்போம் என்றால் அது எங்கிருந்து வரும். ராஜபாண்டியிடம் புலம்பியபோது அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அந்தப் பிள்ளைய ஒருநாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா, எதிர்த்துப் பேசுதது எப்படின்னு உன்னப் பாத்துப் படிச்சுக்கிடட்டும்" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

ஆனாலும் அந்தப் பெயரை எழுதியவள் தான்தான், சும்மா எழுதவில்லை. ஜூலை மாதம் அது. கரும்பலகையில் மெக்னீசியமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேருகிற சமன்பாட்டை எழுதினாள், அமிலத்துக்கு முன்னால் ஒரு இரண்டு போட வேண்டும், போடவில்லை, அன்றைக்கு என்ன நினைப்போ. நாற்பத்தொரு பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். நோட்டு திருத்தும்போதுதான் தன் தப்பு தன்னையே பார்த்து இளித்தது, ஒவ்வொரு நோட்டாக, அதே தப்பு, அழகான கையெழுத்தில், சிலர் கலர் பேனாவால் கட்டம்கூடக் கட்டியிருந்தார்கள். முப்பத்தேழாவது, இசக்கிப்பிரியாவின் நோட்டில் மட்டும் இரண்டு இருந்தது. பென்சிலால், மிகவும் லேசாக, டீச்சர் கோபித்தால் அழித்துவிடலாம் என்கிற மாதிரி. கூப்பிட்டுக் கேட்டாள். "ஏன் அப்பவே சொல்லல?" அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தது. "டீச்சர எதுத்துப் பேசக் கூடாதுல்லா டீச்சர்." தெய்வக்கனிக்கு அன்றைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அல்லது சிரிப்பு, இரண்டும் வரவில்லை. அந்தப் பென்சில் இரண்டை அவள் அழிக்கவில்லை, பக்கத்தில் ஒரு சரி போட்டு மற்ற நாற்பது நோட்டிலும் தானே இரண்டு எழுதினாள்.

இசக்கியின் அம்மா வேலை பார்ப்பது பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்க தெய்வக்கனி போனபோது இசக்கியும் அங்கேதான் இருந்தாள், பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் இருப்பாளாம், தாளை அடுக்கிப் பின் அடித்துக் கொடுப்பாளாம். பாகம் பிரிக்கிறவர்கள் வருவார்கள், அண்ணன் ஒரு பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டு தம்பியைத் திட்டிவிட்டுப் போவான், பத்து நிமிஷத்தில் தம்பி வந்து அதே பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டு அண்ணனைத் திட்டுவான். "ரெண்டு பேரு சொல்லுததும் கேட்டா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றாள் இசக்கி, பின்னை அடித்துக்கொண்டே. மூன்று மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அவள் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "பேசுவாளா டீச்சர்? வீட்லயே ஒண்ணும் சொல்ல மாட்டா. சோறு காணலன்னாகூடச் சொல்ல மாட்டா" என்றாள். பேசுவாள் என்று தெய்வக்கனி உறுதியாகச் சொன்னாள். எந்த நம்பிக்கையில் சொன்னோம் என்று இப்போது யோசித்தால் அந்தப் பென்சில் இரண்டைத் தவிர ஒன்றும் கையில் இல்லை. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை முன்னூறு பேருக்கு முன்னால் நிறுத்துகிறவள் இந்தப் பூமியில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மணி பத்து இருபத்தாறு. அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினாள். ஜெபாவின் குரல்தான், வார்த்தை தெரியவில்லை. இசக்கியின் குரல் வராது, வந்தாலும் இத்தனை தூரம் எட்டாது. தான் எப்போது பேச ஆரம்பித்தோம், அப்படி ஒரு நாள் இருந்ததா. எம்.எஸ்ஸி.க்கு மதுரையில் இடம் கிடைத்து, கார்டு வந்து, அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பி.எட். படி, பக்கத்துலயே வேலை கிடைக்கும்" என்றார். மதுரைக்குப் போக அவளிடம் நாலு காரணம் இருந்தது, நல்ல காரணம், வரிசையாக, சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அப்பா செருப்பு மாட்டும்போது சொல்ல வேண்டும். செருப்பு மாட்டினார், குடையை எடுத்தார், திரும்பிப் பார்த்து "என்னம்மா?" என்று கேட்கவும் செய்தார், நல்ல மனுஷன், சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். ஒண்ணுமில்லப்பா என்றாள். அந்த நாலு காரணமும் இன்றைக்கும் அப்படியே மனப்பாடம், பாத்திரம் கழுவும்போது சில நாள் வரிசையாக வந்து நிற்கும், கேட்க ஆளில்லாமல். ராஜபாண்டியிடம் சண்டை போடுவது, பிள்ளைகளை அதட்டுவது, காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவது எல்லாம் பேச்சிலே சேராது. அப்படியானால் இசக்கியை நிறுத்தியது இசக்கிக்காகவா, செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற அப்பாவிடம் இப்போதாவது யாராவது பேசட்டும் என்றா. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையை வைத்து ஆற்றிக்கொள்கிற புண்ணா அது.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தேய்த்த சட்டை, கையில் ஸ்டாப்வாட்ச், எதிரணிப் பள்ளியின் ஆசிரியர். அவருடைய பிள்ளைகளைக் காலையிலேயே பார்த்தாள், ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரிக் கோப்பு. "முதல் தடவையா மேடம்?" என்றார். ஆமாம் என்றாள். "எங்களுக்கு நாலாவது வருஷம். பயப்படாதீங்க, பழகிரும். உங்க மறுப்புரை யாரு?" இசக்கிப்பிரியா என்று சொல்லி, அடையாளத்துக்கு, அந்த ஒல்லியான பிள்ளை, ஓரமாக நின்றாளே என்றாள். அவர் புருவத்தைத் தூக்கினார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், குரலிலேயே தெரிந்தது. "சீட்டு எடுத்துதே அந்தப் பிள்ளை, அதப் போட்டிருக்கலாமே. மறுப்புரைக்கு நல்ல வாய் வேணும் மேடம். பெல் அடிக்கிற வரைக்கும் வரிசையை மாத்திக்கலாம், பழைய தாளை அடிச்சிட்டு வேற தாள் குடுத்தா வாங்கிக்கிடுவாங்க. போன வருஷம் நானே மாத்தினேன்." அவ்வளவுதான். அதுவரை மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பயம் எழுந்து நின்று செருப்பை மாட்டிக்கொண்டது. மாற்றிவிட்டால் என்ன. ஜெபா மூன்றாவது, இசக்கி இரண்டாவது, இரண்டாவது இடமென்றால் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் போதும், ஒரு பக்கம்தான், யாரும் சிரிக்க மாட்டார்கள், பெரிய டீச்சரும் ஒன்றும் சொல்ல மாட்டார். பிள்ளையும் பேசின மாதிரி இருக்கும், பத்திரமாகவும் இருக்கும். இது தோல்வியில்லை, பொறுப்பு. தெய்வக்கனி போட்டி நடத்துகிறவர்களின் மேஜைக்குப் போய் ஒரு தாள் வாங்கினாள், நின்றபடியே எழுதினாள், ஒன்று நிஷா, இரண்டு இசக்கிப்பிரியா, மூன்று ஜெபஷீலா. கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், கதவு திறந்ததும் சொன்னால் ஆயிற்று, அது ஒரு நிமிஷ வேலை.

திறந்தது. நிஷா முதலில் வந்தாள், முகம் தெளிந்திருந்தது. ஜெபா குறிப்பு அட்டையை விசிறிக்கொண்டே வந்தாள். இசக்கி கடைசி.

"ஒரு சின்ன மாத்தம்" என்றாள் தெய்வக்கனி, முடிந்தவரை சாதாரணமாக. "இசக்கி, நீ ரெண்டாவது பேசிரு. நான் எழுதிக் குடுத்ததச் சொன்னாப் போதும். மறுப்புரை ஜெபா பேசட்டும். பெல் அடிக்க முன்னால தாளக் குடுக்கணும், வாங்க."

மூன்று பேரும் நின்றார்கள். ஜெபா இசக்கியைப் பார்த்தாள். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டீச்சர்" என்றாள்.

"என்ன இல்ல?"

"நானே மூணாவது பேசுதேன்."

குரல் சின்னதுதான். ஆனால் நிற்காமல் வந்தது. "எனக்கு ஒப்பிக்க வராது டீச்சர். ரெண்டாவது எடத்துல விட்டீங்கன்னா அங்கதான் நான் நின்னுபோவேன். எழுதினது ஒரு வரி மறந்தா எனக்கு அடுத்த வரி வராது. யாராவது பேசினாங்கன்னா, அதக் கேட்டா எனக்குச் சொல்லத் தோணும். ஜெபா நல்லாப் பேசுவா. ஆனா எதிர்ல உள்ளவங்க என்ன சொன்னாலும் அவ மனசுல வச்சிருக்கதத்தான் பேசுவா. நேத்து நீங்க சொல்லாத ஒண்ணுக்குப் பதில் சொன்னா."

"நான் அப்படியாட்டி பேசுதேன்?" என்றாள் ஜெபா.

"ஆமா" என்றாள் நிஷா.

தெய்வக்கனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பயிற்சியில் ஒருநாள்கூட நீ பேசவில்லையே என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். "மூணு வாரமா நீ என்கிட்ட ஒரு பதிலும் சொல்லலையே, இசக்கி."

"உங்ககிட்ட எப்படி டீச்சர்" என்றவள், முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "அதோட, நீங்க இப்பப் பயந்துபோயி மாத்துதீங்க. யோசிச்சு மாத்தல. அது தப்பு."

சைக்கிள் நிறுத்தத்தில் யாரோ ஒரு வண்டியை ஸ்டாண்டு போட்டார்கள். தெய்வக்கனி பதில் தேடினாள், நிஜமாகவே தேடினாள், விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். பிள்ளை சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒப்பிக்க வராது என்பது உண்மை. கேட்டால்தான் பேச வரும் என்பது, இந்த மூன்று வாரத்தில் தான் ஒருநாளாவது கவனித்திருக்க வேண்டிய உண்மை. கடைசியாகச் சொன்னது எல்லாவற்றையும்விட உண்மை. "உனக்குப் பயமா இல்லியா?" என்று மட்டும் கேட்டாள், அது வாதம்கூட இல்லை.

"பயமாத்தான் இருக்கு" என்றாள் இசக்கி. "கை சில்லுன்னு இருக்கு. அதுக்காக மாத்தக் கூடாதுல்லா."

மணி அடித்தது. அட்டை மாட்டிய பெண் வந்து வரிசையாக வரச் சொன்னாள். மூன்று பேரும் போனார்கள், நடக்கும்போதே ஜெபா ஏதோ கேட்க இசக்கி ஏதோ சொல்ல, மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். தெய்வக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கட்டும் என்று விட்டாள். உள்ளே போய் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. திக்கலாம், நின்றுபோகலாம், கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஜெயிக்கலாம். ஆனால் வாயைத் திறக்குமா திறக்காதா என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஸ்டாப்வாட்ச்சுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மாத்திட்டீங்களா மேடம்?"

"இல்ல சார்" என்றாள் தெய்வக்கனி. "மாத்தணும்னு பேசிப் பாத்தேன். தோத்துட்டேன்."

அவர் புரியாமல் சிரித்தார். உள்ளே மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வக்கனி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முன் வரிசையில் இடமிருக்கிறதா என்று பார்த்தபடி நடந்தாள்.